முயல்கொம்பு என்கிற கள்ளிமுளையான்: கண்டுபிடிக்க, தொட்டியில் பூக்கவைக்க

இல்லாத ஒன்றைச் சொல்லத் தமிழில் முயற்கொம்பு என்போம். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் குப்பம் ஊர்ப் பக்கத்தில் அதே முயல்கொம்பை மலையடிவாரத்தில் ஒடித்து மடியில் கட்டிக்கொண்டு வந்து துவையல் அரைப்பார்கள். தெலுங்கில் அதற்குக் குந்தேட்டி கொம்முலு என்று பெயர், முயலின் கொம்புகள் என்றே பொருள். தமிழில் கள்ளிமுளையான். இலை கிடையாது. நாலு பட்டையாகத் தண்டு மட்டும் மண்ணிலிருந்து நிமிர்ந்து நிற்கும். புதருக்குள் பதுங்கியிருக்கும் முயலின் தலையில் கொம்பு முளைத்தால் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

நான் வாணியம்பாடியிலிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின், மொட்டை மாடியில் பதினாலு தொட்டி கள்ளிமுளையான். பதினோரு வருடமாக வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடத்தில் வைத்ததெல்லாம் செத்துப்போயின. அதற்கப்புறம் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். செடியை எடுக்குமுன் அது நின்ற இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காலடியில் என்ன மண், பக்கத்தில் என்ன புதர், இவ்வளவுதான். தொட்டியில் என்ன செய்ய வேண்டும் என்பது முழுக்க அந்த இடத்திலேயே இருக்கிறது. இங்கே நான் எழுதப்போவதும் அதைத்தான்.

எங்கே தேடுவது

குப்பம், வி.கோட்டா, நாட்டறம்பள்ளி, கிருஷ்ணகிரி எல்லாம் ஒரே வகைப் பூமி. செம்மண், நடுநடுவே கருங்கல் பாறை, அதன் இடுக்கில் காரை, களா, விராலி, உண்ணிச்செடி. வெட்டவெளியில் தேடினால் கள்ளிமுளையான் கண்ணில் படாது. முள்ளுப்புதரின் அடியில், தரையோடு குனிந்து பார்க்க வேண்டும். ஆடு வாய் வைக்க முடியாத இடம் அது. வெயிலும் புதரின் கிளைகளில் வடிகட்டித்தான் இறங்கும். பாறைச் சரிவில் உதிர்ந்த சிறுகல்லும் காய்ந்த இலைத்தூளும் சேர்ந்து ஒரு கையளவு மண் இருக்கும். அதில் நிற்கும். மழை பெய்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சரிவில் ஓடிவிடும்.

கோடையில் போனால் ஏமாந்துவிடுவீர்கள். கங்கம்மா ஜாத்திரை நடக்கும் மே மாதத்தில் தண்டு சுருங்கி, பழுப்பும் ஊதாவுமாக, காய்ந்த குச்சி போலக் கிடக்கும். இரண்டு மழை விழுந்தபின் போங்கள். அதே குச்சி உப்பிப் பச்சையாகி, அடியிலிருந்து விரல் விரலாகப் புதுத் தண்டு விட்டிருக்கும்.

பால் வடிகிறதா பார்

எனக்கு இதை அடையாளம் காட்டியவர் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். நான் முதல்முறை மலையடிவாரத்துக்குப் போனபோது, புதருக்கடியில் நாலு பட்டையாக எது இருந்தாலும் சந்தோஷப்பட்டுக் கைநீட்டினேன்.

"எந்துக்கம்மா தொந்தர, முந்து பாலு காருத்தாயா சூடு" என்றார். ஏனம்மா அவசரம், முதலில் பால் வடிகிறதா பார் என்று.

"எப்படித் தாத்தா பார்க்கிறது?" என்றேன். அவருக்குத் தமிழ் புரியும், எனக்குத் தெலுங்கு புரியும். ஆளுக்கு ஒரு மொழியில்தான் எப்போதும் பேசிக்கொள்வோம்.

தண்டின் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் காட்டினார். கிள்ளிய இடத்தில் கண்ணீர்த் துளி மாதிரி தெளிந்த நீர் ஊறியது. அதைத் துடைத்துவிட்டு, "பாலு காரலேது. இதி மன குந்தேட்டி கொம்மே" என்றார். பால் வடியவில்லை, இது நம்ம முயல்கொம்புதான் என்று.

இந்த ஒரு சோதனையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. சதுரக்கள்ளியின் சின்னக் கன்றும் நாலு பட்டையாகத்தான் இருக்கும், பச்சையாகத்தான் இருக்கும், அதே புதருக்கடியில்தான் முளைக்கும். அதைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வழியும். அந்தப் பால் தோலைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கள்ளிமுளையானில் பால் இல்லை. விளிம்பில் முள்ளும் இல்லை. முள் போலத் தெரிவதைத் தொட்டுப் பாருங்கள், மெத்தென்ற சின்னப் பல்தான். அந்தப் பல்லின் நுனியில் எள்ளைவிடச் சிறிய இலை ஒன்று கொஞ்ச நாள் ஒட்டியிருந்து உதிரும். இலையின் வேலையை இந்தச் செடியில் தண்டே செய்கிறது. சதுரக்கள்ளியின் பட்டை விளிம்பில் இரண்டிரண்டாக நிஜமான முள் குத்தும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பெரிய ஊர் நர்சரி ஒன்றில் கள்ளிமுளையான் என்று சீட்டு எழுதி வைத்திருந்ததை நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். வீட்டில் கிள்ளிப் பார்த்தேன், பால் வந்தது. அது ஏதோ அலங்காரக் கள்ளி. யாராவது அதை வாங்கித் துவையல் அரைத்திருந்தால் என்னவாகும்! சீட்டை நம்பாதீர்கள், கிள்ளிப் பாருங்கள். கிள்ளியபின் கண்ணைத் தொடாமல் கையைக் கழுவிவிடுங்கள்.

பிரண்டையோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. பிரண்டைக்குக் கணு கணுவாக இடுப்பு ஒடுங்கியிருக்கும், கொடியாக ஏறும், பற்றுக்கம்பி விடும், கணுவில் அகலமான இலை இருக்கும். ஒருமுறை பார்த்தால் போதும். கொடிக்கள்ளி உருண்டையான தண்டு, பாலும் உண்டு. கடைகளில் கிடைக்கும் பெரிய நட்சத்திரப் பூக்காரன் ஸ்டபீலியா இதன் உறவுதான், ஆனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் தண்டைத் தடவினால் வெல்வெட் துணி மாதிரி பூனைமுடி தட்டுப்படும். நம்முடையது வழவழப்பு.

மெலிந்தது ஒன்று, தடித்தது ஒன்று

ஊரில் கள்ளிமுளையான் என்ற ஒரே பெயரில் இரண்டு செடியைச் சொல்கிறார்கள். வளர்க்கப்போகிறவர்கள் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பூ அடியோடு வேறு.

மெலிந்தது சுண்டுவிரலைவிட ஒல்லி. மேலே போகப் போகக் கூர்ந்து எலிவால் மாதிரி முடியும். ஒரு முழம் வரை வளரும். பூ அந்தக் கூர்ந்த பகுதியில் ஒன்றுவிட்டு ஒன்றாக, தலை கவிழ்ந்து தொங்கும். ஐந்து குறுகிய இதழ், ஊதாவும் மஞ்சளும் கலந்த நிறம். சிலவற்றில் இதழ் ஓரத்தில் மெல்லிய ஊதா மயிர் குஞ்சம் கட்டினது போல இருக்கும். காற்றே இல்லை என்று நாம் நினைக்கும் நேரத்திலும் அந்த மயிர் நடுங்கும். புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கட்டிப் பழகிய கை என்னுடையது. இவ்வளவு நைசாக ஒரு நூல் நான் கண்டதில்லை. தாவரவியலில் இதைக் காரலூமா அட்சென்டென்ஸ் என்கிறார்கள். மயிர் உள்ள வகைக்கு ஃபிம்ப்ரியேட்டா என்று தனிப்பெயர்.

தடித்தது கட்டைவிரல் பருமன். பட்டைகள் எடுப்பாக, குச்சியைச் செதுக்கி நட்டது போல விறைப்பாக நிற்கும். இதன் பூ உச்சியில் மட்டுமே வரும், அதுவும் கொத்தாக. இருபது, முப்பது மொட்டு ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பி போலப் பிரிந்து பந்தாக விரியும். ஒவ்வொரு பூவும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே வெளிர் மஞ்சள் தரையில் கருஞ்சிவப்பு வரிவரியாக ஓடும். தள்ளி நின்று பார்த்தால் பந்து முழுக்கக் கறுப்பாகத் தெரியும். இது காரலூமா அம்பெல்லாட்டா. இப்போது பூசெரோசியா அம்பெல்லாட்டா என்று எழுதுகிறார்கள். நர்சரிச் சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றே.

இந்தக் காரலூமா என்ற பெயர் நம்ம பக்கத்துப் பெயர்தான் என்பதைத் தாவரவியல் படித்த என் மகள் சொன்னபோது அப்படி ஒரு சந்தோஷம். வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தபடி இங்கத்திய செடிகளை எழுதிவைத்தார். அவருடைய கோரமண்டல் கரைச் செடிகள் நூலின் முதல் தொகுதி 1795-இல் வந்தது. அதில் இந்த மெலிந்த கள்ளிமுளையானை ஸ்டபீலியா என்ற இனத்தில் சேர்த்துவிட்டு, தெலுங்குக்காரர்கள் இதைக் கார் அல்லம் என்கிறார்கள், தண்டைப் பச்சையாகவே தின்கிறார்கள், கசப்பும் உப்புமாக இருக்கிறது என்று குறித்திருக்கிறார். அப்புறம் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் அந்தக் கார் அல்லத்தையே எடுத்து இனத்துக்குப் பெயராக வைத்துவிட்டார். ஆக, ஆப்பிரிக்காவில் வளரும் காரலூமாவும் தெலுங்குப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது.

பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள்

தடித்த வகை பூத்தால் வீட்டில் உள்ளவர்கள் முதலில் எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடுவார்கள். அழுகிய கருவாட்டு வாடை. ஈக்களை வரவழைக்கத்தான் அந்த வாடையும் அந்த இறைச்சி நிறமும். ஜரிகை வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியோடு ஒரு காலை முழுவதும் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். பச்சை ஈ ஒன்று பூவின் நடுவில் வாயை விட்டுத் துழாவியது. நடுவில் ஐந்து மூலையாக ஒரு சின்னக் கிரீடம், அதன் சந்துகளில் மெல்லிய பிளவு. ஈயின் வாய் அந்தப் பிளவில் சிக்கியது. காலை உதைத்து, இறக்கையை அடித்து, பிடுங்கிக்கொண்டு பறந்து பக்கத்துப் பூவில் போய் உட்கார்ந்தது. இப்போது அதன் வாயில் ஊசிமுனை அளவில் மஞ்சள் பொட்டு இரண்டு ஒட்டியிருந்தது. தூளாகப் பறக்கும் மகரந்தம் இந்தச் செடிக்குக் கிடையாது. இரண்டு சின்ன மூட்டையாகக் கட்டி, கொக்கி போட்டு மாட்டி அனுப்புகிறது. எருக்கம்பூவிலும் இதே ஏற்பாடுதான். இரண்டும் ஒரே குடும்பம். எருக்குக்குப் பால் உண்டு, இதற்கு இல்லை.

வாடை தாங்க முடியாதவர்கள் மெலிந்த வகையை வையுங்கள். அதில் மூக்கை ஒட்டி வைத்தால்தான் ஏதோ லேசாகத் தெரியும்.

துண்டு எடுப்பது, நடுவது

வேரோடு பிடுங்கவே கூடாது. பசியைக் குறைக்கும், உடம்பை இளைக்கவைக்கும் என்று இதன் சாற்றை மாத்திரையாக விற்கத் தொடங்கியபின் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிப்போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டு போதும், ஒரு புதரே வந்துவிடும். வனத்துறைக் காட்டில் கை வைக்காதீர்கள். பட்டா நிலத்து வரப்பிலோ கல்மேட்டிலோ நிலத்துக்காரரைக் கேட்டு எடுங்கள். தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் இருந்தால் அதுவே மேல்.

அடியில் தாய்த்தண்டோடு சேரும் இடம் ஒடுங்கியிருக்கும். அங்கே பிளேடால் வெட்டினால் காயம் சிறியதாக இருக்கும், சீக்கிரம் ஆறும். நடுத்தண்டில் வெட்டினால் காயம் அகலம், அழுகும் வாய்ப்பும் அதிகம். நாலு அங்குலத்துக்குக் குறையாத துண்டாக இருக்கட்டும்.

வெட்டியதும் நடக்கூடாது. என் முதல் இரண்டு வருடத் தோல்வியில் பாதி இதனால்தான். துண்டை நிழலில், காற்றோட்டமாக, ஒரு வாரம் சும்மா போட்டுவையுங்கள். நான் மெஷின் பலகையின் ஓரத்தில் செய்தித்தாள் விரித்து அடுக்கிவைப்பேன். வெட்டுவாய் காய்ந்து, தொட்டால் அட்டை போலக் கடினமாக வேண்டும். தண்டு லேசாக வாடினால் பயப்பட வேண்டாம், வாடின துண்டுதான் வேரைத் தேடும்.

மண்கலவைக்கு என் அளவு கொட்டாங்குச்சிதான். ஜல்லி உடைக்கும் இடத்தில் கிடைக்கும் சிறு கல் துகள் நாலு கொட்டாங்குச்சி, செம்மண் இரண்டு, ஒரு வருடமாவது பழசான ஆட்டெரு ஒன்று. கல் துகளைச் சல்லடையில் சலித்து மாவு போன்ற தூளை நீக்கிவிடுங்கள். அந்தத் தூள் தண்ணீர் பட்டதும் சிமெண்டு மாதிரி இறுகி வேரை மூச்சுவிட விடாது. தேங்காய் நார்த்தூள் கலக்காதீர்கள். ஈரத்தை விடாமல் பிடித்துவைப்பது அதன் குணம், இந்தச் செடிக்கு அதுதான் எமன். கலவை சரியா என்று பார்க்க, ஒரு கைப்பிடி நனைத்து உருண்டை பிடியுங்கள். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் சரி.

தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும். ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். இதன் வேர் மேலாகத்தான் ஓடும், தண்டுகள் பக்கவாட்டில் பரவும். தயிர்ச்சட்டியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன், அதில்தான் நன்றாக வருகிறது.

நடும்போது ஒரு அங்குலம் மட்டும் மண்ணுக்குள் போனால் போதும். ஆழமாக நட்டால் அழுகும், மேலாக நட்டால் சாயும். அதனால் சுற்றி மூன்று சின்னக் கருங்கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். காட்டிலும் அது கல்லுக்கு முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. நட்ட அன்று தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஓரமாக ஒரு டம்ளர். பிறகு வாரம் ஒருமுறை அதே அளவு. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம். நுனி பச்சை கட்டி லேசாக உப்பினால் பிடித்துவிட்டது. மழைக்காலம் தொடங்கும்போது நட்டால் மூன்று, நாலு வாரத்தில் தெரியும். மார்கழிக் குளிரில் நட்டால் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

வெயிலும் தண்ணீரும்

காலை வெயில் மூன்று, நாலு மணி நேரம் நேராக விழட்டும். உச்சிவெயிலுக்கு மறைப்பு வேண்டும். என் மாடியில் சுவர் ஓரமாக, ஒரு காரைச் செடியையே பெரிய தொட்டியில் வைத்து, அதன் காலடியில் நாலு சட்டியை வைத்திருக்கிறேன். அந்த நாலும்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பூக்கின்றன. முழு வெயிலில் வைத்தால் தண்டு சிவந்து சுருங்கும், சாகாது, ஆனால் வளராது. முழு நிழலில் வைத்தால் வெளிறி, நூல் போல நீண்டு, சாய்ந்துவிடும். பூவே வராது.

தண்ணீர் விஷயத்தில் விரலை நம்புங்கள். இரண்டு அங்குலம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அடிவரை காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றினால் தொட்டியின் அடி வழியாக வெளியே வரும்வரை தாராளமாக ஊற்றுங்கள். தினம் ஒரு கை தெளிப்பதுதான் கெடுதல். வளரும் காலத்தில் எனக்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. தை, மாசியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் சாயங்காலத்தில். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் ஒரு வாரம் பிடித்தால் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு இறக்கிவிடுவேன். கனமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வருடம் சோம்பல்பட்டு விட்டதில் ஐந்து சட்டி போய்விட்டது.

பூக்கவைக்க ரகசியம் ஒன்று இருக்கிறதென்றால் கோடைப் பட்டினிதான். பங்குனியிலிருந்து வைகாசி வரை செடி வாடித் தெரியும். மனம் கேட்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தண்டு தண்டாக வளரும், பூ வராது. பதினைந்து நாளைக்கு ஒருமுறைக்கு மேல் ஊற்றாமல் வாடவிடுங்கள். ஆனியில் மழை வந்ததும், அல்லது நாமே தாராளமாகத் தண்ணீர் விட்டதும், செடி விழித்துக்கொள்ளும். என் தொட்டிகளில் ஆவணி, புரட்டாசியில் மொட்டு வருகிறது. நட்ட துண்டு பூக்க இரண்டாம் வருடம் ஆகும். உரம் என்று தனியாக எதுவும் போடுவதில்லை, ஆனி மாதத்தில் ஒரு பிடி ஆட்டெருவைத் தவிர. தடித்த வகையில், உச்சியில் பூத்த தண்டு அதற்கு மேல் உயராது. செடி நின்றுபோயிற்று என்று பிடுங்கி எறியாதீர்கள். அடியில் புதுத் தண்டுகள் வரும்.

கெடுவது எதனால்

பெரிய எதிரி கருப்பு அழுகல். தண்டின் அடியில் மிளகு அளவில் ஒரு கரும்புள்ளி தெரியும். மூன்று நாளில் தண்டு கொழகொழத்துச் சாயும். புள்ளி தெரிந்த அன்றே வேலையைப் போட்டுவிட்டு வெட்டுங்கள். பிளேடை நெருப்பில் காட்டி, கருப்புக்கு மேலே ஒரு அங்குலம் விட்டு வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். முழுக்க வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு இருந்தாலும் இன்னும் மேலே வெட்டுங்கள். சுத்தமான துண்டின் வாயில் விறகுச் சாம்பல் தடவி, மறுபடி ஒரு வாரம் காயவிட்டு, புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை மற்ற தொட்டிகளில் கொட்டாதீர்கள். என்னிடம் இருக்கும் தடித்த வகை அத்தனையும் இப்படிக் காப்பாற்றிய மூன்று அங்குலத் துண்டு ஒன்றின் பிள்ளைகள்தான்.

மாவுப்பூச்சி பட்டைகளின் சந்தில் பஞ்சுபோல ஒட்டும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும். நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள். காரணமே இல்லாமல் செடி வாடிக்கொண்டே போனால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், அங்கேயும் மாவுப்பூச்சி குடியிருக்கும். மொட்டு வரும் காலத்தில் எருக்கஞ்செடியில் மொய்க்கும் மஞ்சள் அசுவினி இதற்கும் வரும். விரலால் நசுக்கிவிடுகிறேன்.

துவையல்

இதைச் சொல்லாமல் விட்டால் என் அத்தை மன்னிக்க மாட்டார். அவர் இருந்தவரை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இந்தத் துவையல் உண்டு. இளம் தண்டாகப் பறித்து, நாலு விளிம்பையும் அரிவாள்மணையில் சீவிவிட்டு, சின்னதாக நறுக்கி, நல்லெண்ணெயில் சுருள வதக்குவார். வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, உப்பு. அம்மியில்தான். உப்பைக் கடைசியில், அதுவும் பாதிதான் போடுவார். தண்டிலேயே உப்புச் சுவை இருக்கிறது.

"சாயங்காலமாப் பறிம்மா, காலையில பறிச்சா புளிக்கும்" என்பார். "அதெப்படி அத்தை, செடி ஒண்ணுதானே?" என்று நான் கேட்டதற்கு, "தின்னு பாரு" என்று இரண்டு வேளையும் ஒவ்வொரு துண்டு கையில் கொடுத்தார். நிஜமாகவே காலையில் புளித்தது. பல வருடம் கழித்து மகள் விளக்கினாள். இந்த மாதிரிச் செடிகள் தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பகலில் துவாரங்களை மூடிவைத்து, இரவில் திறந்து காற்றை வாங்கி, புளிப்பு அமிலமாகச் சேர்த்துவைக்கின்றன. பகல் வெளிச்சத்தில் அந்த அமிலம் செலவாகிவிடுகிறது. பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் நம் தென்னிந்தியாவில் இருந்தபோது ரணகள்ளி இலையைத் தின்று பார்த்து, காலையில் புளிக்கிறது, பொழுதேறினால் புளிப்புப் போய்விடுகிறது என்று எழுதினார். அது 1815-இல் அச்சானது. அத்தை படித்ததில்லை. நாக்கில் தெரிந்துவைத்திருந்தார்.

சமைக்கும் முன் பால் சோதனையை ஒவ்வொரு தண்டுக்கும் செய்யுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

விதை

பூக்கள் நிறைய வந்தாலும் காய் அபூர்வம். என் தொட்டிகளில் ஏழு வருடம் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே செடியின் துண்டுகள். வேறு மலையிலிருந்து எடுத்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பூக்கவிட்ட வருடம் நாலு ஜோடிக் காய் வந்தது. காயைப் பார்த்தால் முயல்கொம்பு என்ற பெயர் இன்னும் பொருந்தும். பென்சிலைவிட மெல்லியதாக, இரண்டிரண்டாக, மேல்நோக்கிப் பிரிந்து நிற்கும். முற்ற மாதக்கணக்காகும். ஒரு நாள் வெயிலில் திடீரென்று பிளந்து, ஒவ்வொரு விதையும் வெள்ளைப் பட்டுக் குடுமியோடு பறந்துவிடும். அதனால் காய் பழுப்பேறத் தொடங்கியதும், ரவிக்கைக்குப் போட்டு மிஞ்சிய வலைத்துணியில் சின்னப் பை தைத்து மாட்டிவிடுகிறேன். காற்றுப் போக வேண்டும், பாலித்தீன் பை வேண்டாம்.

குடுமியைக் கிள்ளிவிட்டு, விதையைப் படுக்கையாக வைத்து, மேலே மணல் தூவினாற்போல் மூடுங்கள். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் மண் காயவிடாதீர்கள். முளைத்த இரண்டாவது மாதத்திலிருந்து மெல்ல மெல்லக் காயப் பழக்குங்கள்.

பெரியவர் எனக்கு முதல் செடியைக் காட்டிய மலைமேடு இப்போது இல்லை. கருங்கல் எடுக்கிறவர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எதிர்ப்பக்கச் சரிவு இன்னும் நிற்கிறது. அங்கே நிலம் வைத்திருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, போன ஆனியில் பதினெட்டு நாற்றுகளைக் கொண்டுபோய்க் காரைப் புதர்களின் கிழக்குப் பக்கத்து அடியில், கல்லுக்கு முட்டுக்கொடுத்து நட்டேன். நடப்போகிறவர்கள் முதல் நல்ல மழை விழுந்த மறுநாள் போங்கள். தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆடு உள்ளே தலை நுழைக்க முடியாத அளவு முள் அடர்ந்த புதராகப் பார்த்து நடுங்கள். தை மாதம் நான் போய் எண்ணினபோது பதினொன்று இருந்தன. ஒன்றில் அடியில் புதுத் தண்டு, அரை அங்குலம்.